சிவப்புக் கோடு

இருபத்தாறு வருடமாக
சிப்காட்டில் பாய்லர் பார்க்கிறேன்.
ஊசி எங்கே நிற்கிறது என்பதுதான் என் வேலை.
பத்தரை கிலோவில் ஒரு சிவப்புக் கோடு.
தாண்டினால் வால்வு தானே திறந்து
குடிகாடு வரைக்கும் கேட்கக் கத்தும்.

மனுஷனுக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை.
நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றிரண்டு என்று
கம்பெனி டாக்டர் படித்தபோது
எனக்குத் தலை சுற்றவில்லை, காது அடைக்கவில்லை.
"ஒண்ணும் தெரியலையே சார்" என்றேன்.
"தெரியாது" என்றார்.

ஒரு வெள்ளை மாத்திரை, காலையில்.
ஆயுசுக்கும் என்று அவர் சொல்லவில்லை.
சீட்டில் முடிகிற தேதியைப் போடாமல் விட்டார்.

மூன்றாம் மாதம் கணுக்கால் வீங்கியது.
பூட்ஸைக் கழற்றினால்
சாக்ஸ் எலாஸ்டிக் பதித்த பள்ளம்
ராத்திரி சாப்பாடு வரை மறையாது.
மைத்துனன் இளம்பரிதி பார்த்துவிட்டு,
"நாளெல்லாம் கெமிக்கல் கம்பெனியில நிக்கிறீங்க,
வீட்டுக்கு வந்து அதையே முழுங்கணுமா மாமா?" என்றான்.
கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முருங்கைக்கீரை.
வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு இரண்டு பல்.
செம்பருத்தி கொதித்த தண்ணீர்.
நைட் ஷிப்ட் முடிந்ததும் நேரே
தேவனாம்பட்டினம் மணலில் நடை.
பூரணி எனக்கென்று தனிச்சட்டி வைத்தாள்.
முதுநகரில் பிறந்தவள்;
கருவாட்டுக் குழம்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமையைத்
துக்க வீட்டுச் சோறு மாதிரிப் பரிமாறினாள்.
அலமாரியில் மாத்திரை அட்டை
மூன்று குழி காலியாக, ஏழு குழி நிறைந்து
அப்படியே கிடந்தது.

நாற்பது நாள். இரண்டு கிலோ இறங்கினேன்.
ஏணியேறினால் மூச்சு வாங்கவில்லை.
இளம்பரிதி தெருவெல்லாம் என்னைச் சாட்சி வைத்தான்.

செம்மண்டலத்தில் வியாழக்கிழமை முகாம்.
சிஸ்டர் செலின் கையில் பட்டையைச் சுற்றி
காற்றை ஏற்றி, மெல்ல விட்டாள்.
பழகிய சத்தம்.
கண் தன்னால் டயலுக்குப் போனது.
நூற்று ஐம்பத்தாறில் ஊசி துடிக்கத் தொடங்கியது.

"பன்னிரண்டு குறைஞ்சிருக்கு அண்ணே,
நடந்தது வீண் இல்ல."
அடுத்த வாக்கியத்தை அவள் சொல்லுமுன்
டயல் எனக்குச் சொல்லிவிட்டது.
பன்னிரண்டு நல்ல எண்.
போதாத எண்.

தீயைக் குறைத்துப் பிரஷரை இறக்கத் தெரியும் எனக்கு.
எந்த ஆபரேட்டரும் முதலில் தொடுவது அதைத்தான்.
அதற்காக
வால்வைக் கழற்றிப் பழைய இரும்பில் போட்டவனை
என் சர்வீஸில் பார்த்ததில்லை,
இந்த நாற்பது நாள் வரை.

பேக்கிங் கோதண்டம் நினைவுக்கு வந்தான்.
அவன் பூண்டும் தின்னவில்லை, மாத்திரையும் தின்னவில்லை,
அவன் கதை வேறு என்றே சொல்லி வந்தேன்.
அவன் இடது கை இப்போது மடியில் கிடக்கிறது
யாரோ வந்து வாங்கிக்கொள்வதாகச்
சொல்லிப் போன பொருள் மாதிரி.

கால் வீக்கத்தைச் சொன்னேன்.
"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"
டாக்டரிடம் அனுப்பினாள். வேறு மாத்திரை.
வீக்கம் வடிந்துவிட்டது.
இப்போது தொண்டையில் ஒரு வறட்டு இருமல்,
அதையும் போய்ச் சொல்ல வேண்டும்.

நடையை விடவில்லை.
இளம்பரிதி இரண்டு வாரம் பேசவில்லை,
பிறகு கீரைக்கட்டோடு வந்தான். வாங்கிக்கொண்டேன்.
இன்று வாடைக்காற்று பலம்.
கரையோரம் திரும்புகையில் உதட்டை நக்கினால் உப்பு.
இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று
செலினைக் கேட்க வேண்டும்.

வீட்டில்,
தட்டின் ஓரத்தில் ஒரேயொரு நெத்திலி,
நகத்தளவு, முறுகலாக.
வைத்தது தான் இல்லை என்பதுபோல்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் பூரணி.